மூன்று துண்டும் ஒரு மெல்லிய தகடும்: பழைய ஜில்லெட் ரேஸரைச் சோதிக்க, பூட்ட, பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

1904 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் 775,134 என்ற எண்ணில் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. அதில் அவர் உரிமை கோரிய பொருள்களில் முக்கியமானது கழற்றி மாட்டக்கூடிய ஒரு பிளேடு. அது எப்படிப்பட்ட பிளேடு? தானாக விறைத்து நிற்க வலுவில்லாதது. வெளியிலிருந்து ஒன்று தாங்கிப் பிடித்தால்தான் அதன் முனை வெட்டும். அவ்வளவு மெல்லியது. காப்புரிமையிலேயே தடிமன் சொல்லப்பட்டிருக்கிறது: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர்.

இந்த ரேஸரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அந்த விவரிப்புக்குள் இருக்கிறது. பிளேடு தானாக வேலை செய்யாது. தலைப்பகுதி அதை வளைத்து இறுக்கினால்தான் அது கத்தியாகிறது. வெட்டுக்காயம், எரிச்சல், முடியை இழுப்பது என்று எந்தக் குறை வந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது தகடு எப்படிப் பிடிபட்டிருக்கிறது என்பதைத்தான். கீழே சொல்வதெல்லாம் 1903இல் விற்பனைக்கு வந்து 1920கள் வரை நீடித்த மூன்று துளை, சீப்புப் பல் மாதிரிக்கானது. சேகரிப்பவர்கள் இதைத்தான் ‘ஓல்டு டைப்’ என்கிறார்கள்.

இதற்கு முன் இருந்தவை

கழற்றக்கூடிய பிளேடு என்ற எண்ணம் ஜில்லெட்டுடையது அல்ல. பிரான்சில் ஜான்-ஜாக் பெரே 1762இலேயே சவரக்கத்திக்கு மர உறை போட்டு, முனை கொஞ்சம் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார். 1847இல் வில்லியம் ஹென்சன் கைப்பிடிக்குக் குறுக்காகப் பிளேடு நிற்கும், மண்வெட்டி போன்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றைய ரேஸர்களின் உருவம் அங்கே தொடங்குகிறது. 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ‘ஸ்டார்’ ரேஸரில் பிளேடைக் கழற்றலாம், மாட்டலாம்.

ஆனால் ஸ்டாரின் பிளேடு ஆப்பு வடிவம்: முதுகு தடிமன், முனை கூர்மை. பழைய சவரக்கத்தியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது போல இருக்கும். அதைக் கழற்றுவதே தோல்வாரில் தீட்டுவதற்காகத்தான். தீட்டத் தெரியாதவர் கையில் அந்த ரேஸர் சில நாளில் மழுங்கிவிடும். தீட்டவே தேவையில்லாத அளவுக்கு மலிவாக ஒரு முனையைக் கொடுப்பதுதான் ஜில்லெட் எடுத்துக்கொண்ட வேலை. அதற்கு எஃகு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் மெல்லிய தகடு.

தகடு விறைப்பது எப்படி

ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். 0.15 மி.மீ. தகட்டைத் தட்டையாகப் பிடித்து முடியில் வைத்தால் அது துள்ளும், நெளியும், வெட்டாது. இதை இரண்டு வழிகளில் சரிசெய்கிறது இந்த வடிவம்.

முதலாவது, வளைவு. தச்சர் வைத்திருக்கும் எஃகு இஞ்ச் டேப்பை வெளியே இழுத்துப் பாருங்கள். குறுக்கே லேசாகக் குழிந்திருப்பதால் அது ஓரளவு தூரம் மடங்காமல் நீண்டு நிற்கிறது. குழிவை அழுத்தித் தட்டையாக்கினால் உடனே தொய்ந்துவிடும். ரேஸரிலும் இதேதான் நடக்கிறது. மேல்மூடியின் உள்பக்கம் குழிவு, அடித்தட்டின் மேல்பக்கம் புடைப்பு. இரண்டுக்கும் நடுவே மாட்டி இறுக்கும்போது பிளேடு வில்லாக வளைகிறது, இரு முனைகளும் கீழ்நோக்கி இறங்குகின்றன. நீளவாக்கில் அது இனி நெளியாது.

இரண்டாவது, பிடிமானத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. தகடு எவ்வளவு நீண்டு நிற்கிறதோ அவ்வளவு துள்ளும். இதிலும் கணக்கு மூன்றாம் அடுக்கில்தான் ஓடுகிறது. எனவே மேல்மூடியின் ஓரம் முனைக்கு மிக அருகில் வந்து அழுத்த வேண்டும். அந்த ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் அந்த இடத்தில் முனைக்குத் தாங்கல் கிடைக்காது.

எஃகு வேலை தெரிந்தவர்கள் பலர் அன்று ஜில்லெட்டிடம் முடியாது என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. இவ்வளவு மெல்லிய தகட்டைச் சூடேற்றித் தோய்த்தால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கியதை இருபக்கமும் சமமாகச் சாணை பிடிக்க முடியாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் எமரி நிக்கர்சன்தான் தகட்டைப் பதப்படுத்தவும் கூர்தீட்டவும் இயந்திரங்களை உருவாக்கினார். 1895இல் தோன்றிய எண்ணம் 1903இல்தான் கடைக்கு வந்தது. அந்த ஆண்டு விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு ரேஸர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. பெயரும் புகழும் ஜில்லெட்டுக்குப் போனாலும், நிக்கர்சன் இல்லாமல் இந்தப் பிளேடு இல்லை.

பாகங்கள்

மேல்மூடி: புடைத்த முதுகு, குழிந்த வயிறு. நடுவில் மரை வெட்டிய தண்டு, அதன் இருபுறமும் இரண்டு சிறிய முளைகள். பிளேடு நேராக உட்காருவது இந்த முளைகளின் பொறுப்பு.

பிளேடு: இருபுறமும் முனை, நடுவில் வரிசையாக மூன்று வட்டத் துளைகள். அந்தப் பிளேடு இன்று தேவையில்லை. கடையில் கிடைக்கும் எந்த இரட்டை முனை பிளேடும் இந்த முளைகளில் உட்காரும். நடுவிலுள்ள நீண்ட வெட்டு பழைய தண்டுக்கும் இரு முளைகளுக்கும் பொருந்துகிறது. நம்மூர் சலூன்களில் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகும் அதே பிளேடுதான். இங்கே ஒடிக்காமல் முழுதாக.

அடித்தட்டு: மூன்று துளைகள், இரு நீள ஓரங்களிலும் சீப்பு போன்ற பற்கள். தோல் பிதுங்கி முனைக்கு அடியில் போகாமல் பற்கள் அணைக்கின்றன. இடைவெளிகள் வழியாக நுரையும் முடியும் முனைக்கு வந்து சேருகின்றன.

கைப்பிடி: உள்ளீடற்ற பித்தளைக் குழாய். தொடக்ககால மாதிரியில் இரண்டு வளையங்கள், பிறகு ஒன்று, அதற்கும் பின்னால் உருண்டை முனை. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளி அல்லது தங்க முலாம்.

அடித்தட்டிலோ கைப்பிடியிலோ 1904 நவம்பர் 15 என்ற தேதி பொறித்திருந்தால் அது காப்புரிமைத் தேதி. அந்த ரேஸர் 1904இல் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு செய்தவற்றிலும் அதே தேதி இருக்கும். ‘1904 ரேஸர்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ஏமாற வேண்டாம்.

வாங்குமுன் சோதனை

ஒரு கண்ணாடித் துண்டு, நல்ல வெளிச்சம், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

அடித்தட்டைப் புடைப்பு மேலே இருக்கும்படி கண்ணாடியில் வையுங்கள். இரு வரிசைப் பற்களும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு மூலையில் விரலால் அழுத்தினால் தட்டு ஆடுகிறதா? ஆடினால் எதிர்மூலையோ அந்த மூலையோ வளைந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கடியிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். இந்த மாதிரியின் பெரிய பலவீனம் இதுதான்: பற்கள் மெல்லிய தகட்டிலிருந்து வெட்டியவை, பின்னால் தாங்க எதுவும் இல்லை. ரேஸர் ஒருமுறை தரையில் விழுந்தால் பெரும்பாலும் மூலைப் பல்தான் வளையும். 1921இல் வந்த ‘நியூ இம்ப்ரூவ்டு’ மாதிரியில் அடித்தட்டைத் தடிப்பாக்கியதற்கும், 1930இல் வந்த புதிய பிளேடின் மூலைகளை வெட்டிவிட்டதற்கும் இந்த நோய் ஒரு காரணம். மூலைப் பல் வளைந்தாலும் அதற்கு நேரே இப்போது முனை இல்லை. இன்று கையில் எடுக்கும் பிளேடின் நான்கு மூலைகளும் வெட்டுப்பட்டிருப்பது அந்த வடிவத்தின் தொடர்ச்சி.

மேல்மூடியைக் குழிவு கீழே இருக்கும்படி வையுங்கள். இரு நீள ஓரங்களும் முழுநீளமும் கண்ணாடியில் படிய வேண்டும். பிறகு திருப்பி, தண்டும் முளைகளும் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்த முளை பிளேடைக் கோணலாக்கும். அதை நிமிர்த்த முயன்றால் அடியோடு ஒடியும். அப்படிப்பட்டதை வாங்காமல் விடுவதே நல்லது.

கைப்பிடியில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தை வைத்துச் சுற்றிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் விரிசல். மரையை விரலால் மட்டும் சுற்றுங்கள். மூன்று நான்கு சுற்று வழுக்கலாகப் போக வேண்டும். 1930க்குப் பிந்தைய ரேஸர்களின் மரை இதற்குப் பொருந்தாது. வேறு கைப்பிடியை வலுக்கட்டாயமாகச் சுற்றினால் மேல்மூடியின் தண்டு பாழாகும்.

ஒரே ஒரு பல் லேசாக வளைந்திருந்தால் சரிசெய்யலாம். தட்டை வாய் குறடின் இரு வாய்க்கும் தோல் சுற்றி, பல்லின் அடியிலிருந்து மெதுவாக ஒரே அழுத்தில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டாதீர்கள். பித்தளை வளைய வளைய இறுகும். இரண்டாம், மூன்றாம் முறையில் ஒடிந்துவிடும்.

சுத்தம் செய்தல்

இளஞ்சூடான நீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பழைய பல்துலக்கி. 15 நிமிடம் ஊறவிட்டுப் பற்களுக்கு இடையிலும் மரையிலும் தேயுங்கள். கைப்பிடிக்குள் தேங்கிய நூறாண்டு சோப்புக் கசடு ஒரே தடவையில் வராது. இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள். கடைசியில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் போட்டெடுத்துத் துணியில் உலர்த்துங்கள். இன்னொருவர் முகத்தில் பட்ட பொருள் இது; இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

பற்பசை, சாம்பல், புளி, பித்தளை மெருகுப்பொடி எதுவும் வேண்டாம். வெள்ளி முலாம் மெல்லியது, இரண்டு தேய்ப்பில் பித்தளை தெரிந்துவிடும். கறுத்த வெள்ளி வெட்டுவதைக் கெடுக்காது, அப்படியே இருக்கட்டும்.

அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தை மட்டும் பக்கத்திலேயே விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பித்தளையை அம்மோனியா பிளக்கும். இதை உலகம் கற்றுக்கொண்டதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரின் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது. இந்தக் கைப்பிடிகளும் இழுத்து உருட்டிய மெல்லிய பித்தளைக் குழாய்கள்தான்.

பூட்டுதல்

1. கைகளையும் பாகங்களையும் ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் பிளேடு வெட்டும்.

2. மேல்மூடியைத் தலைகீழாக, தண்டு மேல்நோக்கி இருக்கும்படி மேசைமேல் விரித்த துணியில் வையுங்கள்.

3. பிளேடைக் குட்டையான இரு பக்கங்களில் மட்டும் பிடித்து முளைகளில் இறக்குங்கள். அது தானாக விழுந்து உட்கார வேண்டும். தள்ள வேண்டியிருந்தால் முளையில் கசடு இருக்கிறது.

4. அடித்தட்டின் புடைப்பு பிளேடைப் பார்க்கும்படி வையுங்கள். தவறு நடப்பதெல்லாம் இந்த இடத்தில்தான். துளைகள் இரு பக்கமும் பொருந்துவதால் தட்டைத் திருப்பிப் போட்டாலும் உள்ளே போய்விடும்; ஆனால் பிளேடு வளையாது, முனைக்குத் தாங்கல் இருக்காது. பக்கவாட்டில் பார்க்கும்போது மூடி, பிளேடு, தட்டு மூன்றும் ஒரே வளைவில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்க வேண்டும்.

5. ஒரு கையால் மூன்றையும் குட்டையான பக்கங்களில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். கடைசிக் கால் சுற்றுக்கு முன் நிறுத்துங்கள்.

6. ரேஸரை வெளிச்சத்துக்கு எதிரே நீட்டி, தலையை மேலிருந்து பாருங்கள். மூடிக்கு வெளியே தெரியும் பிளேடின் அகலம் இடதுபுறமும் வலதுபுறமும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவா? இல்லையென்றால் சற்றுத் தளர்த்தி, பிளேடின் குட்டைப் பக்கங்களை விரல் நுனியால் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

7. இப்போது விரல் பலத்தில் முழுவதும் இறுக்குங்கள். குறடு தேவையே இல்லை.

எவ்வளவு இறுக்குவது

இந்த மாதிரியில் இறுக்கமே சவரத்தின் மென்மையை முடிவு செய்கிறது. முழுக்க இறுக்கினால் பிளேடு நன்றாக வளைந்து முனை பற்களை நெருங்கி நிற்கும்; சவரம் மென்மையாக இருக்கும். கைப்பிடியை எட்டில் ஒரு சுற்று, கால் சுற்று தளர்த்தினால் தகடு தன் வில்தன்மையால் நிமிர்ந்து பற்களிலிருந்து விலகும். அடர்ந்த தாடிக்கு அதிகமாக வெட்டும். அளவுக்குறி எதுவும் இல்லாமலே தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இது.

ஆனால் இன்றைய பிளேடு போட்டால் ஒரு எச்சரிக்கை. அதன் தடிமன் சுமார் 0.10 மி.மீ. தான். பழைய 0.15 மி.மீ. தகட்டோடு ஒப்பிட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தளர்த்திய நிலையில் பழைய பிளேடு அமைதியாக நின்ற இடத்தில் இது துடிக்கும். எனவே முதல் பத்துச் சவரம் முழு இறுக்கத்திலேயே செய்யுங்கள். அதற்குப் பிறகும் தேவை என்றால் எட்டில் ஒரு சுற்று, அதிகபட்சம் கால் சுற்று. அதற்கு மேல் தளர்த்துவது ஆபத்து.

சவரம்

தாடியை இளஞ்சூடான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனையவிடுங்கள்; நனைந்த முடி எளிதாக வெட்டுப்படும். பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்துத் தயிர்ப் பதத்தில் நுரை போடுங்கள். டப்பாவில் வரும் காற்று நுரையை விட, நீர் பிடித்த நுரை இந்தச் சீப்புப் பல்லுக்குப் பொருந்தும்.

கோணம் பிடிக்க ஒரு வழி: மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நீட்டி நிற்கும். இப்போது கைப்பிடியை மெல்லக் கீழிறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிளேடு முடியைத் தொடும் ஓசை வரும். அங்கே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். மணிக்கட்டை மடக்காமல் அந்தக் கோணத்தைக் காப்பாற்றுங்கள்.

அழுத்தவே கூடாது, ரேஸரின் எடை போதும். கார்ட்ரிட்ஜ் ரேஸருக்குப் பழகிய கைக்கு இதுதான் கடினம். முடி வளரும் திசையில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளக் குறுகிய இழுப்புகள். மறுகை தோலை இழுத்துப் பிடிக்கட்டும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை தலையைத் தண்ணீரில் அலசுங்கள். இன்னும் வழவழப்பு வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்குத் திசையில் ஒருமுறை. நுரையில்லாத இடத்தில் இரண்டாம் தடவை ஓட்டாதீர்கள்.

பற்கள் தோலை நேர்த்திசையில்தான் காக்கும். ரேஸரைப் பக்கவாட்டில் ஓர் இழை நகர்த்தினாலும் நீளமாகக் கீறிவிடும். பெயரில் சேஃப்டி இருந்தாலும் இதிலிருந்து அது காப்பாற்றாது.

எங்கே தவறுகிறது

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, மறுபக்கம் வெட்டவே இல்லை: பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஆறாம் படிக்குத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப அதே பக்கம் என்றால் பிளேடைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். குறை பிளேடோடு நகர்ந்தால் பிளேடு, நகராமல் அதே பக்கத்தில் நின்றால் தட்டு அல்லது மூடி.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சின்னக் கோடு போல வெட்டு: அந்த இடத்துப் பல் கீழே வளைந்து, முனை அங்கே மட்டும் திறந்து நிற்கிறது.

முடியை இழுக்கிறது, கரகரவென்று துடிக்கும் சத்தம்: கைப்பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது தட்டு தலைகீழ், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. இந்த வரிசையிலேயே சோதியுங்கள். பிளேடின் ஆயுள் தாடியைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு சவரம் வரை.

சவரத்தின் நடுவில் தானாகத் தளர்கிறது: பெரும்பாலும் மரையில் சோப்புக் கசடு. சுத்தம் செய்தும் தொடர்ந்தால் கைப்பிடியில் விரிசல் விழுந்து மரை விரிகிறது. அந்தக் கைப்பிடியோடு முகத்தில் வைக்க வேண்டாம்.

முடித்த பிறகு

கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி, ஓடும் நீரில் அலசி, உதறி, உலர்ந்த இடத்தில் நிற்க வையுங்கள். முனையைத் துண்டால் துடைக்காதீர்கள்; துண்டும் கிழியும், முனையும் மழுங்கும். வாரம் ஒருமுறை முழுக்கக் கழற்றிக் கழுவி, மரையில் கொஞ்சம் வாசலைன் தடவுங்கள்.

பழைய பிளேடை என்ன செய்வது என்பது இந்த வடிவம் உலகத்துக்குக் கொண்டுவந்த புதுச் சிக்கல். அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு கீறல் துளை வைத்து, பிளேடுகளைச் சுவருக்குள்ளேயே விழவிட்டார்கள். இன்றும் பழைய வீடுகளை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. நம் வீடுகளில் குப்பைப் பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனவே மூடி போட்ட ஒரு சின்னத் தகர டப்பாவில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியை ஒட்டிவிடுங்கள். பிளேடுகளை அதில் போட்டு வாருங்கள்; நிறைந்ததும் கீறலையும் டேப் போட்டு அடைத்து, வெளியே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.